பொம்மைக்கு நான் செய்த பாதம்

மேசைக் கால்பந்தில் எல்லோரும் பந்தைத்தான் பார்ப்பார்கள், ஐயா. நான் கம்பியில் கோத்த ஆட்டக்காரப் பொம்மையின் பாதத்தைப் பார்ப்பேன்.

பாதம் உருண்டையாக இருந்தால் பந்து நழுவும். நேராக ஓங்கி அடிக்கத்தான் முடியும். அது கையாலாகாதவன் ஆட்டம். விளிம்பைத் தட்டையாகச் சீவி மெல்லிய வரிகள் போட்டால், பந்தைப் பாதத்தின் கீழ் அழுத்திப் பிடிக்கலாம். பிறகு கம்பியைப் பக்கவாட்டில் ஒரே தள்ளாகத் தள்ளி, அந்த வேகத்திலேயே அடிக்கலாம். அந்தப் பாதத்தை எங்கள் பட்டறையில் அரத்தோடு மல்லுக்கட்டிக் கண்டுபிடித்தவன் நான்.

பட்டறையில் எனக்குக் கூட்டாளி என் மைத்துனன், மனைவியின் தம்பி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், பிழைத்தான். மேசை வாங்க வருகிறவர்கள் முன் குனிந்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் கம்பிக்கு நேராக வைத்து, "பாருங்க, இந்தக் கால் என் மூளையில உதிச்சது" என்பான். நான் பக்கத்திலேயே நிற்பேன். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"விடுங்க அத்தான். நீங்க கால் செய்ங்க, நான் வாய் பேசறேன். குடும்பத்துக்குள்ள என்ன உனக்கு எனக்குன்னு?"

என் மனைவியும் சிரித்தாள். அவன் சொன்னதைவிட அதுதான் என் வயிற்றை எரித்தது. இன்றும் எரிகிறது.

ஷாட் அடித்துக் காட்டுவது அவள் வேலை. அவள் தள்ளும்போது கம்பியின் மறுமுனை எதிர்ப்பக்கம் வெளியே பாயும். அதற்காகத்தான் நுனியில் ரப்பர் மூடி போடுகிறோம். ஒரு ராத்திரி அதைக் கழற்றி, நுனியை அரத்தால் கூராக்கினேன். மூடியை உள்ளே தோல்போல மெலியும்வரை சுரண்டி, பழையபடி மாட்டினேன்.

மறுநாள் வாடிக்கையாளர் வந்தார். மைத்துனன் எதிர்ப்பக்கம் போய்க் குனிந்தான். நான் மனைவியிடம், "நல்லா அழுத்திப் பிடிச்சு, ஒரே தள்ளு" என்றேன். கட்டிய நாளிலிருந்து என் பேச்சைத் தட்டாதவள்.

என் பாதத்தைத் தன்னுடையது என்று பார்த்த கண் போய்விட்டது. மற்றது இருக்கிறது. நான் பேராசைக்காரன் இல்லை.

அவள் சாப்பிடுவதில்லையாம். கையை மடியில் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாளாம், தம்பியின் கண்ணைத் தானே குத்தியதாக நினைத்து. குத்தியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அன்று பந்து நழுவவில்லை, நேராகக் கோலுக்குள் போனது. அதை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.