தாரையின் காலைக் கட்டியவள்

கடல் இன்னும் அரைக் காதம் அந்தப் பக்கம் கிடந்த காலத்தில், நாகைக்குத் தெற்கே ஒரு கரையூர் இருந்ததாம். ஊர் நடுவே புத்தப் பள்ளி. பள்ளியில் தாரா தேவி. ஒரு காலை மடித்து, மறுகாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பாளாம். எதற்குத் தொங்கவிட்டாள்? கடலில் தவிக்கிறவர்களுக்காகக் கூப்பிட்டால் சட்டென்று எழுந்து போகத்தானாம்.

அந்த ஊரில் சாத்தி, கொற்றி என்று இரண்டு ஓரகத்திகள். அண்ணன் பெண்டாட்டி சாத்தி, தம்பி பெண்டாட்டி கொற்றி. சாத்தி தேவிக்கு வைக்கிற குவளை உடனே வாடிவிடும். கொற்றி வைத்தது பொழுது சாயும்வரை அப்படியே இருக்குமாம். "தேவிக்குக் கொற்றிதான் செல்லப்பிள்ளை" என்று ஊர் பேசும். கேட்டுக் கேட்டுச் சாத்திக்குச் சோறு இறங்கவில்லையாம்.

ஒருநாள் அண்ணன் தோணி ஒழுகிக் கரையில் கிடந்தது. பலகை வாங்கி வருகிறேன் என்று அவன் போய்விட்டான். கடலுக்குப் போனது தம்பி தோணி ஒன்றுதான். சாத்தி வலைக்கயிற்றோடு பள்ளிக்குப் போனாள். தேவியின் தொங்குகிற காலைப் பீடத்தோடு இறுக்கிக் கட்டினாள்.

"அவ கூப்பிட்டா நீ எப்படி எந்திரிக்கிறேன்னு பார்க்கிறேன்."

உச்சிப்பொழுதில் காற்று திரும்பியது. கொற்றி ஓடிவந்தாள்.

"அக்கா, வா, தேவிகிட்ட போவோம். பெரிய மச்சானும் அந்தத் தோணியிலதான்."

"அவர் பலகை வாங்கல்ல போனார்?"

"எங்க வீட்டுக்காரர் கூப்பிட்டார், மச்சானும் ஏறிட்டார். இப்பத்தான் கரையில சொன்னாங்க."

சாத்தி ஓடினாள், ஓடினாள், கொற்றியை விட்டுவிட்டு ஓடினாள். கயிறோ நனைந்த கயிறு, முடிச்சோ கடல்முடிச்சு. விரல் நுழையவில்லை. பல்லால் கடித்தாள். உதடு கிழிந்தது.

"எந்திரி தாயே, எந்திரி. கொற்றி கூப்பிட்டதாவே இருக்கட்டும், எந்திரி."

முடிச்சு விட்டதாம்.

வெயில் தாழப் பாய்மரம் ஒடிந்த தோணி வந்தது. அண்ணனும் இருந்தான், தம்பியும் இருந்தான். "எல்லாம் கொற்றி வைச்ச பூ" என்றது ஊர். சாத்தி அன்றைக்குப் பொறுத்தாள். மறுநாளும் பொறுத்தாள். அதற்குமேல் முடியவில்லையாம்.

"அவ பூவுமில்லை, ஒண்ணுமில்லை. அவிழ்த்தது நான்."

"எதைக்கா அவிழ்த்தே?" என்றாள் கொற்றி.

அப்புறம் கட்டியதையும் சொல்லத்தானே வேண்டும்? சொன்னாள். கொற்றி அந்தக் கிழிந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"சரிக்கா. அவிழ்த்துத்தானே தோணி வந்துச்சு. இனிமே தோணி போறப்பல்லாம் நீ கட்டு, நான் அவிழ்க்கிறேன். அவிழ்க்கிறதை உன்னை நம்பி விட முடியாது."

இப்போது பள்ளி இல்லை. தேவி மட்டும் புன்னை மரத்தடியில் இருக்கிறாள். பேர் காலவிழ்த்தாள். கணுக்காலில் கயிறு அறுத்த தடம் தெரியும். தோணி கிளம்பும்போது ஒருத்தி கட்ட, அவள் ஓரகத்தி பல்லால் அவிழ்க்க வேண்டும்.

கட்டுவதற்குத்தான் ஆள் கிடைக்காது. அவிழ்ப்பதற்கு இன்றைக்கும் சண்டை.