ஆற்றைப் பார்த்து நிற்கும் நூற்றுப் பதினெட்டுப் பலகைகள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க ஊரில் ஒருவரும் முன்வராத வேளையில், "கதவ நான் தொறக்கறேன், நாற்காலியும் நானே போடறேன், போதுமா?" என்று கேட்டு இந்தக் கூடத்தை நமக்குத் தந்த, மெரிட் லேண்டிங் தீயணைப்புத் தொண்டர் படையின் தலைவர், பெருமதிப்புக்குரிய ஆல்வின் பெக்னர் அவர்களே! ஆலையின் அனலில் ஆயுளைக் கரைத்து, இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதுபெரும் தொழிலாளர்களே! விடிந்ததிலிருந்து இறைச்சி பொதிந்த பெப்பரோனி ரொட்டி சுட்டுக் கூடை கூடையாகக் கொண்டுவந்துவிட்டு, கூட்டம் வருமோ வராதோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்த தாய்மார்களே! நாய்க்கும் அஞ்சாமல் நாக்குக்கும் அஞ்சாமல் வீடு வீடாகப் படியேறிய தொண்டர்களே! மேடைக்கு வர மறுத்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் வேட்பாளர் நோரீன் காஸ்டோ அம்மையார் அவர்களே! வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நடந்து வந்திருக்கும் அன்பர்களே! உங்களில் பாதிப் பேர் அப்படித்தான் வந்திருக்கிறீர்கள். உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கதவோரம் நின்றபடி கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருக்கும் நீலச் சட்டை நண்பரே, உங்களுக்கும் வணக்கம். ஆலை மேலாளரின் அலுவலக வாசலில் உங்களைப் பார்த்திருக்கிறேன். என் பெயர் ஹாரிசன் யோஸ்ட். வயது ஐம்பத்து நான்கு. கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். முகம் தெளிவாக விழுகிறதா? வெளிச்சம் போதுமா?

சிரிக்காதீர்கள். இந்தப் படம் இன்றே மேலாளரின் மேசைக்குப் போகும்.

அன்பர்களே, எதற்காக இங்கே கூடியிருக்கிறோம்? நாளை காலை ஒன்பது மணிக்காகக் கூடியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலை தொலைக்காட்சியில் சட்டமன்ற வேட்பாளர்களின் விவாதம். இரண்டு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களுக்கும் அங்கே நாற்காலி உண்டு. மூன்றாவதாக நிற்கும் நம் நோரீன் அம்மையாருக்கு நாற்காலி இல்லை. ஏன் இல்லை என்று கேட்டோம். நிலையத்திலிருந்து மடல் வந்தது. படிக்கிறேன்: "உங்கள் ஊரின் முதன்மைச் சாலையில் ஆறு மைல் ஓட்டிப் பார்த்தோம். மற்ற இருவரின் பெயர்ப் பலகைகள் முந்நூறுக்கு மேல் இருந்தன. திருமதி காஸ்டோவின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. மக்கள் அறியாத ஒருவருக்கு மேடையில் இடமளிப்பதற்கில்லை." மன்றாடினோம். மறுபடி ஒருமுறை ஆள் அனுப்ப இசைந்தார்கள். நாளை காலை ஒன்பது மணி. அதே சாலை. அதே ஆறு மைல்.

அந்த நாற்காலி கிடைக்காவிட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்கிறீர்களா? தென்கரைத் தெருக்களில் குழாயைத் திறந்தால் ஆலைக் கழிவின் நகப்பூச்சு வாடை அடிக்கிறதே, அதைப் பற்றிக் கேட்க அந்த மேடையில் ஒரு வாய் இருக்காது. அந்தத் தண்ணீரில்தான் பால்மாவு கரைக்கிறோம். அந்தத் தண்ணீரில்தான் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறோம். நோரீன் அம்மையார் இரண்டு வேட்பாளர்களிடமும் நேரில் போனார். ஒருவர், "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்றார். மற்றவர், "ஆலை இல்லேன்னா ஊரே இல்லம்மா, ஞாபகம் வெச்சுக்குங்க" என்றார். அன்றைக்குத்தான், இருபத்திரண்டு ஆண்டுகளாக வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்த அந்தப் பெண்மணி, தானே நிற்பது என்று முடிவெடுத்தார்.

மக்கள் அறியாதவராம்! மாவட்டச் சந்தையில் ஆகஸ்ட் மாதம் நம் தொண்டர்கள் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தார்கள். வருவோர் போவோரிடம், "நோரீன் காஸ்டோவைத் தெரியுமா?" என்று கேட்டார்கள். "யாரு அது? பாட்டுக்காரியா?" என்றார் ஒருவர். "பன்னி வளக்கறவங்களா?" என்றார் இன்னொருவர். நம் ஆர்லீன் அக்கா விடவில்லை. "ஏங்க, மாசா மாசம் உங்க வீட்டுப் பின்பக்கம் வந்து மீட்டர் பாப்பாங்களே, மஞ்ச மேல்சட்டை போட்டுக்கிட்டு?" என்றார். அந்த மனிதர் வாயைப் பிளந்தார். "அட நம்ம மீட்டரம்மாவா! என் நாய்க்கு பிஸ்கட் குடுப்பாங்களே! அவங்களுக்குப் பேரெல்லாம் இருக்கா?"

பேர் இருக்கிறதா என்றார்! இருபத்திரண்டு ஆண்டுகள் நம் கொல்லைப்புறத்தில் குனிந்து நின்ற ஒருவருக்குப் பெயர் இருக்கிறது என்பதே நமக்குத் தெரியவில்லை. அன்றைக்கே பலகைகளுக்குச் சொல்லி அனுப்பினோம். மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து: "நோரீன் காஸ்டோ, உங்கள் மீட்டரம்மா." நூற்றைம்பது பலகைகள். இரண்டே வாரத்தில் நூற்று நாற்பது பேர் தங்கள் வீட்டு முன் நட்டுவைக்கக் கேட்டு வாங்கிப் போனார்கள். நாங்கள் பூரித்தோம். புன்னகைத்தோம். பொழுது விடிந்துவிட்டது என்று நம்பினோம்.

முதல் பலகையை நட்டவர் டெல்மர் ஸ்குவயர்ஸ். அதோ, சுவரோரம், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். ஆலையில் முப்பத்தோராவது ஆண்டு. ஓய்வூதியத்துக்கு இன்னும் இருபது மாதங்கள். ஒரு திங்கட்கிழமை தன் வீட்டு முன்புறப் புல்வெளியில், சாலையைப் பார்த்து, நெஞ்சு நிமிர்த்தி நட்டார். செவ்வாய்க்கிழமை ஆலைக்குப் போனார். உடை மாற்றும் அறையில் தன் அலமாரியைத் திறக்கப் போனார். அதன் கதவில் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது.

அவருடைய வீடு. அவருடைய புல்வெளி. அந்தப் பலகை. சன்னலில் அவருடைய மனைவியின் நிழல்.

அதில் ஒரு சொல் எழுதியிருந்ததா? இல்லை. யாராவது மிரட்டினார்களா? இல்லை. யாராவது கூப்பிட்டு விசாரித்தார்களா? இல்லை. ஒரு படம். ஒரே ஒரு படம். அன்று மதியம், பதினாறு ஆண்டுகளாக அவரோடு ஒரே மேசையில் உண்ட கூட்டாளி, டெல்மர் வந்து உட்கார்ந்ததும் தன் சாப்பாட்டுப் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து போனார். "என்னடா ஆச்சு?" என்று டெல்மர் கேட்டிருக்கிறார். "ஒண்ணுமில்ல. பசிக்கல" என்று பதில். அன்று மாலை டெல்மர் பலகையைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியோரம் சாய்த்துவிட்டார்.

அதன்பிறகு சாலையில் ஒரு பலகையும் எழவில்லை. வாங்கிப் போனவர்களிடம் கேட்டோம். "நட்டுட்டேங்க, நட்டுட்டேன்" என்றார்கள். எங்கே நட்டார்கள்? யாருக்கும் தெரியவில்லை. எரித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பொய் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். இந்த ஊரின்மேல் எனக்கு வந்த சினத்தை நான் மறைக்கவில்லை. என் வகுப்பறையில் வாய்விட்டே சொன்னேன், கோழைகளுக்கு மத்தியில் குடியிருக்கிறேன் என்று.

போன சனிக்கிழமை மதியம் டெல்மர் கூப்பிட்டார். "வாத்தியாரே, தேர்தல்தான் போச்சு, கெளுத்தி மீனாவது புடிப்போம், வாங்க" என்றார். அவருடைய படகில் போனோம். உங்களுக்குத் தெரியும், நம் வீடுகளுக்கு முகம் சாலையில்; முதுகு ஆற்றில். கொல்லைப்புறப் புல்வெளி சரிந்து இறங்கித் தண்ணீரைத் தொடும். அந்தப் பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள்? நிலக்கரி ஏற்றிய தோணிகள் போகும். வேறு யாரும் இல்லை. வளைவு திரும்பினோம். டெல்மர் எந்திரத்தை நிறுத்தினார்.

மஞ்சள். ஒரு கொல்லையில் மஞ்சள். அடுத்த கொல்லையில் மஞ்சள். துணிக்கொடிக்கு அடியில் மஞ்சள், கோழிக்கூண்டுக்குப் பின்னால் மஞ்சள், கரையெங்கும் மஞ்சள்! அத்தனை பலகைகளும் ஆற்றைப் பார்த்து நின்றன. வாக்குக் கொடுத்துவிட்டால் மீற முடியாத ஊர் அல்லவா இது? நடுகிறேன் என்று சொல்லிவிட்டார்கள், நட்டுவிட்டார்கள். மீன்களுக்கு முன்னால் நட்டுவிட்டார்கள்!

நூற்றுப் பதினெட்டு. இரண்டு முறை எண்ணினோம். ஒரு கொல்லையில் மட்டும் இரண்டு பலகைகள். டெல்மர் அந்த வீட்டைக் கைகாட்டினார். "வாத்தியாரே, இது யாரு வீடு தெரியுமா? பசிக்கலன்னு எந்திரிச்சுப் போனானே, அவன் வீடு" என்றார். அந்த மனிதரின் பெயரை நான் இங்கே சொல்லமாட்டேன். எந்த வீட்டுக்காரர் பெயரையும் சொல்லமாட்டேன். கைப்பேசி ஓடிக்கொண்டிருக்கிறது.

என்னம்மா? பின்வரிசையில் யாரோ ஏதோ கேட்கிறார்கள். ஒலிபெருக்கியில் திருப்பிச் சொல்கிறேன், எல்லோருக்கும் கேட்கட்டும். "இவ்வளவு பேசறீங்களே வாத்தியாரே, உங்க பலகை எங்க?"

நல்ல கேள்வி. நான் அஞ்சிக்கொண்டிருந்த கேள்வி.

என் பலகை கொல்லைப்புறத்தில் நிற்கிறது. என் மனைவி ஜூடித் ஆலையின் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். முன்வாசல் மண் கல்லும் கரடுமாக இருக்கிறது, கம்பி இறங்காது என்று அவளிடம் சொன்னேன். பொய். அந்த நூற்றுப் பதினெட்டில் ஒன்று என்னுடையது. படகிலிருந்து டெல்மர் அதைப் பார்த்தார். பிறகு தூண்டிலில் புழுவைக் கோக்கத் தொடங்கினார். கொல்லையில் ஒளித்த என் பயத்துக்கு நான் தந்திரம் என்று பெயர் வைத்தேன். கொல்லையில் ஒளித்த உங்கள் பயத்துக்குக் கோழைத்தனம் என்று பெயர் வைத்தேன். இந்த அவையில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அச்சத்தின் அலுவல் என்ன, அன்பர்களே? அடிப்பதா? அடிக்கவில்லையே! வேலையைப் பறிப்பதா? ஒருவர் வேலையும் இதுவரை போகவில்லையே! அண்டை வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவே அது ஒரு சுவர் எழுப்புகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான், ஊரில் நான் ஒருவன்தான் என்று நடுங்குகிறேன். அந்தப் பக்கம் நீங்கள், நீங்கள் ஒருவர்தான் என்று நடுங்குகிறீர்கள். ஒரு புகைப்படம் எடுக்க எவ்வளவு நேரமாகும்? ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் நூற்றுப் பதினெட்டுப் பலகைகளைக் கொல்லைப்பக்கம் திருப்பிவிட்டார்களே!

யார் எழுந்திருப்பது? உட்காருங்கள் ஐயா, உட்காருங்கள். நான் பெயர் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். என்ன? "என் பேரச் சொல்ல நான் யாரக் கேக்கணும்?" என்கிறீர்களா? சரி. சொல்லுங்கள். கேட்டீர்களா, அன்பர்களே? "க்ளைட் ரைமர். அது என் வீடுதான். ஒரு பலகை என்னோடது. இன்னொண்ணு டெல்மர் புடுங்கிப் போட்டது. குப்பை வண்டி வர்றதுக்கு முன்னாடி போய் எடுத்துட்டு வந்தேன். மனசு கேக்கல."

டெல்மர் அண்ணே, நிமிர்ந்து பாருங்கள். உங்கள் கூட்டாளிதான் பேசுகிறார். என்ன சொல்கிறீர்கள்? "பசிக்கலன்னு சொன்னியே, ராஸ்கல்!" என்கிறார் டெல்மர். சிரியுங்கள், இப்போது சிரிக்கலாம்.

இன்னொரு குரலும் கேட்கிறது. கைக்குழந்தையோடு நிற்கும் தாய். "எங்க வீட்டுக்காரர் வேலை போச்சுன்னா நீங்களா சோறு போடுவீங்க?"

போட முடியாது, தாயே. உத்தரவாதம் தர இந்த மேடையில் ஒருவருமில்லை. நாளைக்கு அவர்கள் நூற்றுப் பதினெட்டு வீடுகளையும் படம் எடுக்கலாம். நூற்றுப் பதினெட்டு அலமாரிகளிலும் ஒட்டலாம். ஒட்டட்டும் என்று என்னால் எளிதாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன்: ஒருவர் அலமாரியில் ஒட்டினால் அது மிரட்டல். ஊர் முழுவதும் ஒட்டினால் அதுவே நம் வாக்காளர் பட்டியல்! அந்தப் பட்டியலைத் தொலைக்காட்சி நிலையத்துக்கு அவர்களே தயாரித்துக் கொடுத்ததாக ஆகும். உங்களால் முடியாதென்றால் உங்கள் பலகை கொல்லையிலேயே நிற்கட்டும், தாயே. உங்களைக் கோழை என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. முடிந்தவர்கள் இன்றே பலகையைப் பிடுங்கிச் சாலைப் பக்கம் மாற்றி நடுவோம். ஒரு வேண்டுகோள் மட்டும்: டெல்மர் முதலில் நடக்கூடாது. ஒருமுறை தனியாக நின்று பார்த்துவிட்டார். தெரு முழுதும் எழுந்து நின்ற பிறகு, கடைசிப் பலகை அவருடையதாக இருக்கட்டும்.

முதல் பலகை என்னுடையது. இன்று காலை ஜூடித்திடம் சொன்னேன். கையிலிருந்த காப்பி தளும்பிச் சிந்தியது. துடைத்தாள். பிறகு, "நடறதுன்னா நேரா நடுங்க. கோணலா நட்டா படத்துல அசிங்கமா இருக்கும்" என்றாள்.

மணி இரண்டரை. சூரியன் மறைய நான்கு மணி நேரம் இருக்கிறது. ரொட்டிகள் இன்னும் சூடாக இருக்கின்றன. ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் தின்றுகொண்டே போகலாம். என் வண்டி இரண்டு தெரு தள்ளி நிற்கிறது. அதை இந்தக் கூடத்தின் வாசலுக்கு ஓட்டி வரப்போகிறேன். பின்னால் ஆறு பேருக்கு இடமுண்டு, சம்மட்டி மூன்று இருக்கிறது. யாரும் ஏறாவிட்டாலும் நான் போவேன். எவ்வளவு தூரம் போவேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் என் வீட்டு முன்வாசல் வரை போவேன்.

கூடம் தந்த தலைவருக்கும், ரொட்டி தந்த தாய்மார்களுக்கும், கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டவருக்கும், எழுந்து பெயர் சொன்னவருக்கும் என் நன்றி. பயந்துகொண்டே உட்கார்ந்திருந்து, பாதியில் எழுந்து போகாத உங்கள் ஒவ்வொருவருக்கும் என் வணக்கம்.

நீலச் சட்டை நண்பரே, என் வீடு முதன்மைச் சாலையில் நாற்பத்தேழாம் எண். அரை மணி நேரம் கழித்து வாருங்கள்.