கார்னீலியஸ் ஹாக்கெட்டின் பதினேழு மகன்கள்

மாலக்கி: அந்தக் கல்லறைக் குழியில இன்னும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு. அந்த ஆளு நான்.

கன்செப்டா: என்னமோ சாயங்காலமே படுக்கப் போறவன் மாதிரி பேசுற. நேத்துகூட உன்னை மதுக்கடை வாசல்ல பாத்தேன். நல்லாத்தான் நின்ன... ஓரளவு.

மாலக்கி: எனக்கு எழுபத்தொண்ணு ஆச்சு. முப்பத்தெட்டு வருஷம் பத்திரிகை ஆபீஸ் நிலவறையில காகிதச் சுருள் உருட்டினவன். முதுகுல மூணு எடத்துல இரும்பு வச்சிருக்கு. போய்ச் சேந்தா கொள்ளுத்தாத்தா பக்கத்துல படுக்கணும், அவ்வளவுதான்.

கன்செப்டா: அவரு எனக்கும் கொள்ளுத்தாத்தாதான். நானும் இருபத்தாறு வருஷம் பைண்டிங்ல தாள் மடிச்சவ. விரலைப் பாரு. ஜெபமாலை உருட்டக்கூட மடங்காது.

நெஸா: ரெண்டு பேரும் ஒரு நிமிஷம்... ஐயா, டீக் கோப்பையைப் பதிவேட்டு மேல வைக்காதீங்க.

மாலக்கி: மன்னிச்சுக்க கண்ணு.

நெஸா: கல்லறை ஆபீஸ்ல உங்ககிட்ட என்னதான் கேட்டாங்க?

கன்செப்டா: குழியை வாங்கினவர் கார்னீலியஸ் ஹாக்கெட். டப்ளின்ல அச்சுக் கோக்கிறவர். அவரோட வாரிசுன்னு யாரு காகிதம் கொண்டு வர்றாங்களோ அவங்களுக்குத்தான் குழி. வாரிசு இல்லாதவங்க அதுல ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடக் கூடாதுன்னாங்க.

மாலக்கி: ரெண்டு பேரும் ஒரே நாள்ல போய் நின்னோம். நான் முதல்ல.

கன்செப்டா: நான் கதவைப் பிடிச்சேன், நீ நுழைஞ்ச. அதுக்குப் பேரு முதல்ல இல்ல.

நெஸா: அவர் அச்சுத் தொழிலாளர் சங்கத்து ஆளு. பழைய பதிவேடெல்லாம் இங்க என் பொறுப்புல இருக்கு, அதான் உங்களை இங்க அனுப்பிட்டாங்க. ஒரு வாரமா தேடினேன்.

மாலக்கி: கிடைச்சுதா?

நெஸா: கிடைச்சுது. கொஞ்சம் அதிகமாவே கிடைச்சுது.

மாலக்கி: என் தாத்தா மத்தியாஸ் இருக்காரா?

நெஸா: இருக்கார். "மத்தியாஸ், கார்னீலியஸ் ஹாக்கெட்டின் மகன். தொழில் கற்கச் சேர்ந்தார்."

கன்செப்டா: என் தாத்தா சைமன்?

நெஸா: அவரும் இருக்கார். அடுத்த வரிலயே. அவரும் மகன்தான்.

மாலக்கி: ரெண்டு பேருல மூத்தவன் யாரு? அதைச் சொல்லு. மூத்தவன் வழிக்குத்தான் உரிமை.

நெஸா: மத்தியாஸ் மார்ச் நாலு. சைமன் மார்ச் இருபத்தஞ்சு.

மாலக்கி: எந்த வருஷம்?

நெஸா: ஒரே வருஷம்.

கன்செப்டா: ...ஒரே வருஷமா?

மாலக்கி: ரெட்டைப் பிள்ளையா இருக்கும். ஒண்ணு கொஞ்சம் பிந்தி வரும்.

கன்செப்டா: மூணு வாரம் பிந்தியா? நான் அஞ்சு பெத்தவ மாலக்கி. வாயை மூடு.

மாலக்கி: சைமன் சோம்பேறியா இருந்திருப்பான். உங்க வழியே அப்படித்தானே.

நெஸா: ஐயா... இன்னும் பதினஞ்சு பேர் இருக்காங்க.

மாலக்கி: எங்க?

நெஸா: இதே பதிவேட்டுல. மொத்தம் பதினேழு மகன்கள். மகள் ஒண்ணுகூட இல்ல.

கன்செப்டா: மாதாவே. அந்தப் பொம்பளை எப்படிப் பிழைச்சா?

நெஸா: நாலாவது மகன் யூஜின். நாப்பத்திரண்டு வயசுல தொழில் கத்துக்க வந்திருக்கார். அப்ப அவரோட அப்பாவுக்கு நாப்பது.

மாலக்கி: அது... எழுதினவன் தப்பு.

நெஸா: எழுதினவர் பிழை திருத்துறவர் ஐயா. தப்பைப் பிடிக்கிறதுதான் அவரு பொழப்பே.

கன்செப்டா: அப்ப தெரிஞ்சேதான் எழுதியிருக்கான்.

நெஸா: எல்லாருக்கும் தெரியும் போலிருக்கு. அப்பா கத்தோலிக்கர், ஏழாவது மகன் புராட்டஸ்டன்ட்.

கன்செப்டா: அப்பனை விட மூத்த பிள்ளையைக்கூட நான் ஒத்துக்குவேன். இது எனக்கு ஆகாது.

நெஸா: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒண்ணுல எடுத்த கணக்கெடுப்புத் தாளையும் பாத்தேன். அவரே கைப்பட நிரப்பினது. "கார்னீலியஸ் ஹாக்கெட், அச்சுக் கோப்பவர், திருமணம் ஆகாதவர். வீட்டில் உள்ள மற்றவர்கள்: தங்கை ஆக்னஸ், பூனை." பூனைங்கிற வார்த்தையை மட்டும் அதிகாரி கோடு போட்டு அடிச்சிருக்கார்.

மாலக்கி: பூனையை எழுதினவன் பதினேழு பிள்ளைங்களை எழுத மறந்துட்டானா?

நெஸா: மறக்கலை. அவருக்குப் பிள்ளையே கிடையாது.

கன்செப்டா: அப்ப இந்தப் பதினேழு பேரு?

நெஸா: அந்தக் காலத்துல இந்தச் சங்கத்துல ஒரு விதி. அச்சுக் கோக்கிறவன் மகனைத்தான் தொழில்ல சேப்பாங்க. மூட்டை தூக்கிறவன் மகன், குப்பை அள்ளுறவன் மகன்... எவனா இருந்தாலும் கதவு திறக்காது. இவருக்கோ பிள்ளை இல்ல. மகன்ங்கிற இடம் சும்மா கிடந்துச்சு. ஊரான் பிள்ளைக்கெல்லாம் தன் பேரைக் குடுத்துட்டார். சங்கத்துக்காகப் போட்டுக்கிட்ட பேரு அப்படியே நின்னுடுச்சு.

மாலக்கி: சும்மாவா குடுத்தான்?

நெஸா: ஒரு பெரிய வாத்து. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ், பையன் தொழில் கத்து முடிக்கிற வரைக்கும். வருஷத்துக்கு ஒண்ணு, ஏழு வருஷம்.

மாலக்கி: பொய். இதெல்லாம் யாரு சொன்னது?

நெஸா: அவர் தங்கச்சி. சங்கத்துக்குப் புகார் எழுதியிருக்காங்க. படிக்கிறேன். "இந்த ஆண்டு ஒன்பது வாத்துகள் வந்தன. அனைத்தும் உயிரோடு. மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. என் அண்ணன் இனிமேலும் மகன் பெறுவதைச் சங்கம் தடுத்து நிறுத்த வேண்டும்."

கன்செப்டா: சங்கம் என்ன சொல்லுச்சு?

நெஸா: "தந்தையாவது உறுப்பினரின் சொந்த விஷயம். சங்கம் தலையிடாது."

மாலக்கி: ...என் தாத்தாவோட நெஜ அப்பன் யாரு?

நெஸா: எந்த வாத்து எந்த வீட்டுலேருந்து வந்துச்சுன்னு ஆக்னஸ் அம்மா பட்டியலே போட்டு இணைச்சிருக்காங்க. மத்தியாஸோட அப்பா துறைமுகத்துல கரி இறக்கினவர்.

மாலக்கி: கரியா. அப்ப இந்த முதுகு சும்மா வரலை.

கன்செப்டா: சைமன்?

நெஸா: அப்பா பேரு இல்ல. அம்மா பன்றி வெட்டுற தொட்டியில குடல் கழுவினவங்க. மூணாவது வருஷம் வாத்துக்குப் பதிலா குடல் அனுப்பியிருக்காங்க. ஆக்னஸ் அம்மாவுக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சுன்னு எழுதியிருக்கு.

கன்செப்டா: ஜனவரி மாசத்துப் பச்சைத் தண்ணியில குடல் கழுவினவ. அவளுக்கும் விரல் மடங்கியிருக்காது.

மாலக்கி: அப்ப நீ எனக்குச் சொந்தமே இல்ல.

கன்செப்டா: அறுபது வருஷமா உன் வீட்டு எழவுக்கெல்லாம் கேக் சுட்டுக் கொண்டாந்தேன். அதுக்கு யாரு பதில் சொல்றது?

மாலக்கி: சரி கண்ணு, குழி விஷயத்துக்கு வா. இப்ப எடம் யாருக்கு?

நெஸா: யாருக்கும் இல்ல ஐயா. நீங்க ரெண்டு பேருமே வாரிசு இல்ல.

மாலக்கி: கண்ணு... உனக்கு வாத்து பிடிக்குமா?

நெஸா: ஐயா, நான் கறி சாப்பிடறதில்ல.

கன்செப்டா: கேக்குறதைக் கேளு. "மகன்"னுதானே பதிவேட்டுல இருக்கு? அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக் குடு. பூனை, வாத்து ஒண்ணும் வேணாம். எடத்தை நாங்க பங்கு போட்டுக்கிறோம்.

மாலக்கி: ஆமா. பங்கு போட்டுக்கிறோம்.

நெஸா: இப்பதானே அடிச்சுக்கிட்டீங்க? வெள்ளிக்கிழமையே எல்லாத்தையும் கல்லறை ஆபீஸுக்கு அனுப்பிட்டேன். அவங்களுக்கும் அதே தலைவலிதான். அவங்க பதிவுல மூணு பேர் புதைச்சதா இருக்கு, கல்லுல ஆறு பேரு செதுக்கியிருக்கு. வர்ற வியாழக்கிழமை மேல்மண்ணை எடுத்துப் பாக்கப் போறாங்க.

மாலக்கி: மேல்மண்ணுன்னா... எவ்வளவு ஆழம்?

நெஸா: ஏன்?

மாலக்கி: சும்மா கேட்டேன். தோண்டுறவன் முதுகை நினைச்சேன்.

நெஸா: மூணு அடி.

கன்செப்டா: மூணா... அரை அடி போதாதா? மழை வேற பெய்யுது.

நெஸா: உங்களுக்கு என்னம்மா ஆச்சு, முகம் வெளுத்துப் போச்சு. இருங்க, இன்னொரு டீ போட்டுக் கொண்டாரேன்.

கன்செப்டா: ...போயிட்டாளா?

மாலக்கி: படி இறங்கிட்டா.

கன்செப்டா: மாலக்கி. செத்துப்போன உங்க அண்ணன் கிறிஸ்டி... ஜூன் மாசம் எரிச்சீங்களே. சாம்பல் எங்க?

மாலக்கி: வீட்டுல. அலமாரில. எதுக்குக் கேக்குற?

கன்செப்டா: சும்மாதான்.

மாலக்கி: உன் வீட்டுக்காரன் டெக்லன் சாம்பலை என்ன பண்ணின?

கன்செப்டா: கடல்ல கரைச்சோம்.

மாலக்கி: கடலா? அவனுக்குப் பாலத்து மேல நின்னாலே வாந்தி வருமே.

கன்செப்டா: சரி, கேட்டுக்க. போன மாசம், ஞாயித்துக்கிழமை. ஊரே பூசைல இருந்துச்சு. தோட்டக் கரண்டியை எடுத்துக்கிட்டு நான் மட்டும் கல்லறைக்குப் போனேன். மொதல்ல ஆளை வச்சுடுவோம், காகிதம் அப்புறம் வாங்கிக்கலாம்னு.

மாலக்கி: அடிப்பாவி. நானும் அப்படித்தான் நினைச்சு...

கன்செப்டா: தெரியும். ஒரு அடி தோண்டறதுக்குள்ள கரண்டி டங்குன்னுச்சு. பிஸ்கட் டப்பா. மூடியில "கிறிஸ்டி"ன்னு உன் கோழிக்கிறுக்கல்.

மாலக்கி: அதை என்ன பண்ணின?

கன்செப்டா: என்னத்தைப் பண்றது, எனக்கு விரல் மடங்காது, இன்னொரு குழி தோண்ட முடியலை. டப்பாவுல பாதி காலியாத்தான் இருந்துச்சு. டெக்லனையும் அதுலயே கொட்டி, ஒரு குலுக்கு குலுக்கி மூடிட்டேன்.