பணிகள் நடைபெற்று வருகின்றன

கொல்லிமலைக்கு முதல் தடவை வருகிறவர்கள் அடிவாரத்துக் காரவள்ளியிலேயே நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, மேடம். எழுபது கொண்டை ஊசி வளைவு. முப்பது வரைக்கும் ஒன்றும் தெரியாது. நாற்பதைத் தாண்டினால் வயிறு கேள்வி கேட்க ஆரம்பிக்கும். நீங்களும் இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்த அன்றைக்கு ஜன்னலோரமாகத்தான் உட்கார்ந்து வந்திருப்பீர்கள்.

டெல்லியிலிருந்து அந்த எம்.பி.க்கள் குழுவோடு வந்த மொழிபெயர்ப்பாளர் எலுமிச்சம்பழம் வாங்கவில்லை. ஐம்பத்திரண்டாவது வளைவில் படுத்தவர் மூன்று நாள் எழுந்திருக்கவே இல்லை. இந்த வழக்கின் ஆரம்பம் அதுதான். ஒரு பழத்தை மோந்து பார்த்திருந்தால் நான் இன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

என் பெயர் ராஜதுரை. இந்த மலையிலேயே குண்டூர் நாட்டில் கீழ்க்கொம்பை என் ஊர். மரவள்ளியும் மிளகும் போட்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒன்பது வருடம் போர்வெல் லாரியில் வடக்கே ஓடினேன். அதனால் இந்தி நன்றாக வரும். அதில் பாதி, பூமிக்குள் இருக்கிற பாறையைத் திட்டுவதற்கான இந்தி. மீதிப் பாதியை வைத்துத்தான் இந்தக் குற்றத்தைச் செய்தேன்.

புகார் கொடுத்தது ஜீப் டிரைவர் அர்த்தனாரி அண்ணன் என்று தெரியும். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. நல்ல மனிதர், எண்ணிக்கையில் மட்டும் கொஞ்சம் வீக். நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆறு பேரைப் பதினொரு மாதம் மறைத்து வைத்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறார். மறைத்து வைத்தேன் என்பது பெரிய வார்த்தை. அவர்கள் காத்திருந்தார்கள். நான் சோறு போட்டேன்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். என் மனைவி கோகிலவாணி காரவள்ளிப் பெண். மகள் வயிற்றில் இருந்தபோது ஐப்பசி மழையில் வலி கண்டது. எங்கள் ஊரிலிருந்து தார் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. கம்பளியை மூங்கிலில் கட்டி அவளை அதில் படுக்க வைத்துத் தூக்கிப் போனோம். ஓடைக்கு முன்னால் இருக்கிற சரிவில், முன்பக்கம் தூக்கி வந்த எங்கள் ஊர் மாதனுக்குக் கால் வழுக்கியது. அவளோடு நாங்கள் நாலு பேரும் சேற்றில் விழுந்தோம். இளமதி அங்கேயே, அந்தச் சேற்றிலேயே பிறந்தாள். இரண்டு பேரும் எப்படியோ பிழைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கோகிலவாணி கத்தவில்லை, அழவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள். "வண்டி ஊட்டு வாசல்ல வந்து நிக்கோணுமுங்க. அன்னைக்குத்தான் நான் மறுபடி மலையேறுவேன். அதுவரைக்கும் நீங்க அங்கியே இருந்துக்குங்க."

அப்படியே தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் ஞாயிற்றுக்கிழமை இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இளமதிக்குப் பேச்சு வந்ததும் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "நீங்க எப்பங்க உங்க ஊருக்குப் போவீங்க?" வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்கிற மாதிரி கேட்டாள். அன்றைக்கு எழுபது வளைவும் எனக்குக் கண் தெரியவில்லை.

ரோடு கேட்டு ஐந்து வருடம் மனுப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. அதைச் சொல்லியாக வேண்டும், பதில் வராமல் இருந்ததில்லை. எல்லாவற்றிலும் ஒரே வரி: பணிகள் நடைபெற்று வருகின்றன. எங்கே நடைபெறுகின்றன என்று நானும் போய்ப் பார்த்தேன். பாதையில் ஓர் எருமை நின்றது.

அந்த நிலைமையில்தான் அவர்கள் வந்தார்கள். சித்திரைக் கடைசி. மலைப்பகுதி மக்களின் வாழ்க்கைத் தரத்தை ஆய்வு செய்யும் குழு. வாசலூர்பட்டி படகு இல்லத்தில் வாழ்க்கைத் தரத்தை மூன்று சுற்று ஆய்வு செய்து முடித்திருந்தார்கள். இந்தி தெரிந்தவர் யாராவது உண்டா என்று ஓர் அதிகாரி கேட்டார். மிளகுச் செடிக்கு மருந்து வாங்கப் போயிருந்த நான் கையைத் தூக்கினேன். பக்கத்தில் ஒரு நல்ல ஊர் இருக்கிறது, கூப்பிடு தூரம்தான் என்றேன். எங்கள் மலையில் எல்லாமே கூப்பிடு தூரம்தான், மேடம். கூப்பிடுகிறவனுக்குத் தொண்டை இருக்க வேண்டும், அவ்வளவுதான். உதவியாளர்கள் பொரித்த மீனை விட்டுவிட்டு வர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

உறுப்பினர்களை ஊரில் கொண்டுபோய் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு பலாச்சுளை கொடுத்துவிட்டு, நான் மட்டும் ரோட்டுக்குத் திரும்பினேன். எங்களை அங்கே இறக்கிவிட்ட அர்த்தனாரி அண்ணன் ஜீப்பில் சாய்ந்து நின்றார்.

"அவங்கெல்லாம் அந்தப்பக்கமா எறங்கி சேலம் போயிட்டாங்கண்ணா. ஏரோப்ளேனுக்கு நேரமாயிருச்சாம்" என்றேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"எம்.பி.ங்கண்ணா அவங்க."

"அதுஞ் சரிதான்" என்று வண்டியை எடுத்துவிட்டார். படகு இல்லத்தில் இருந்தவர்களுக்கும் அதையே போய்ச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஒரு பொய்தான் நான் என் வாயால் சொன்னது. அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் அவர்களுடைய வார்த்தைகள்.

பொழுது சாயும்போது சால்வை போட்ட பெரியவர், அவர்தான் குழுத் தலைவர், வண்டி எப்போது வரும் என்று கேட்டார். என்ன சொல்வதென்று நான் யோசித்து வைக்கவில்லை. மனப்பாடமாக இருந்தது வாயில் வந்துவிட்டது. "ரோடு போட்டதும் வண்டி வரும். பணிகள் நடைபெற்று வருகின்றன."

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மறுநாள் காலையில் டாக்டரம்மா, குழுவில் இருந்த ஒரே பெண் உறுப்பினர், துணைக்கேள்வி கேட்டார். எப்போது முடியும்? "காலக்கெடு எதுவும் நிர்ணயிக்கப்படவில்லை" என்றேன். அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அந்தப் பதில் எங்களுக்காகத் தயாரித்த மருந்து என்று அத்தனை வருடம் நினைத்திருந்தேன், மேடம். அவர்களுக்கு அது இன்னும் நன்றாக வேலை செய்தது.

கோபப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். வாரம் இரண்டு தடவை வெளிநடப்புச் செய்தார்கள். முழக்கம் போட்டுக்கொண்டு பலாமரம் வரைக்கும் போவார்கள். அங்கே சற்று நேரம் நிற்பார்கள். சோறு வெந்த வாசனை வந்ததும் திரும்பி வந்துவிடுவார்கள். பலாமரத்தைத் தாண்டி அவர்களுக்குப் பழக்கமில்லை. பான் போடுகிறவர் மட்டும் நாலாவது மாதம் ஓடை வரைக்கும் போய்விட்டார். பாலம் பரிசீலனையில் இருக்கிறது என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன். இரண்டு நாள் கரையில் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் அளவு தண்ணீர்.

சும்மா உட்கார வைத்துச் சோறு போட முடியாது, ஊரில் நாலு பேர் கேட்பார்கள். அதனால் களை வெட்டச் சொன்னேன். வெட்டச் சொன்னேன் என்றால், போட்டோ எடுக்கிறேன் என்றேன். மண்வெட்டி கையில் வந்ததும் அவர்களாகவே சிரித்தபடி குனிந்து நின்றார்கள். வெளிச்சம் சரியில்லை, இன்னும் கொஞ்சம் தள்ளி என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒரு வரிசை முடிந்ததும்தான் எடுப்பேன். அந்த வருடம் என் மரவள்ளிக்காட்டில் களை என்றால் என்னவென்றே தெரியவில்லை. சாமைச் சோறா களியா என்று தினமும் வாக்கெடுப்பு நடக்கும். எது ஜெயித்தாலும் மூன்று பேர் எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டுச் சாப்பிடுவார்கள்.

அவர்களுக்குச் சமைத்தது பக்கத்து வீட்டு அத்தாயி. ஒருநாள் அவள் அகப்பையோடு என்னிடம் வந்தாள்.

"ஏங் கண்ணு, இவங்களுக்கெல்லாம் ஊடு வாசல் இல்லியா?"

"இருக்குதுங்க அத்தை. வண்டிக்குக் காத்திருக்காங்க."

"நடந்தா ஒரு மணி நேரந்தானே?"

"அது அவங்களுக்குத் தெரியாதுங்க."

"பாவம். பாத்தாப் படிச்சவங்களாட்டம் இருக்காங்க" என்று போய்விட்டாள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் பேசவே மாட்டார். வெளிநடப்பிலும் கடைசியில் நடப்பார். நாலு வருடத்தில் அவையில் ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லையாம், பான்காரர் சொல்லிச் சிரித்தார். அத்தாயிகூடச் சோறு போடும்போது அவரை விட்டுவிடுவாள். அவர் கேட்கவும் மாட்டார். நான்தான் பார்த்துத் தட்டு வைப்பேன். மிளகு பறிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை.

நான் இரக்கமில்லாதவன் இல்லை. எங்கள் ஊரில் டவர் எடுக்காது, இரண்டு மேடு ஏற வேண்டும். வாரம் ஒரு தடவை எல்லோருடைய போனையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஏறிப் பார்த்துவிட்டு வருவேன். தொகுதியில் கேட்டவர்களுக்கு எம்.பி. டெல்லியில் இருந்தார். டெல்லியில் கேட்டவர்களுக்கு அவர் தொகுதியில் இருந்தார். இரண்டு பக்கமும் நிம்மதியாக இருந்தார்கள். சால்வைக்காரரின் மனைவி மட்டும் மார்கழியில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: அங்கே குளிரா? ஆமாம் என்று பதில் போட்டேன். கொல்லிமலையில் மார்கழி குளிர்தானே, அதில் பொய் இல்லை. என் தரப்பில் நான் சொல்வது இது ஒன்றுதான், மேடம். அவர்களை யாரும் தேடவில்லை. தேடாத பொருளை எடுத்து வைப்பது எப்படித் திருட்டாகும்?

தேர்தல் வந்தது. அப்போதுதான் தேடினார்கள். வேட்புமனுவில் கையெழுத்துப் போட ஆள் வேண்டும் அல்லவா? போன் சிக்னலை வைத்து எங்கள் மேட்டைக் கண்டுபிடித்து வந்துவிட்டார்கள். வேட்பாளர்கள் வியர்த்து நடந்து வந்தால் டிவியில் நன்றாக இருக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பத்தொன்பதே நாள். ஓடைக்குப் பாலம், சரிவுக்குத் தடுப்புச்சுவர், நாலு கிலோமீட்டர் தார் ரோடு. பணிகள் நடைபெற்றதை அப்போதுதான் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். ஜீப்பை ஓட்டி வந்தது அர்த்தனாரி அண்ணன்தான். என்னைப் பார்த்த பார்வையிலேயே புகார் எழுதிவிட்டார். யார் யாருக்குக் கட்சியில் மறுபடி சீட்டுக் கிடைத்ததோ அவர்களுக்கெல்லாம் மாலை வந்தது. ஆறு மாலை. மலை மக்களோடு மக்களாக வாழ்ந்தவர் என்று மேடையில் பேசிக்கொள்ளலாம் என்பதால் ஒருவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. டாக்டரம்மா போகும்போது என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கோகிலவாணி இறங்கினாள். தாரைக் காலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தாள். உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். இளமதி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊடுங்களாப்பா?" என்று கேட்டாள். நான் அழுதேன். அந்த ஒரு கேள்விக்காகப் பதினொரு மாதம் என்ன, இன்னொரு அவை முழுக்கக்கூட வைத்துச் சோறு போட்டிருப்பேன்.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். அர்த்தனாரி அண்ணன் ஆறு என்று எழுதியிருக்கிறார். வந்தது ஏழு பேர், மேடம். அந்தப் பேசாத மனிதருக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. மாலை வந்த அன்றைக்கு அவரும் கை கால் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, வரிசையில் கடைசியாக நின்றார். மாலை அவருக்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது. ஜீப் போனதும் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு மிளகுக் கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் இன்னும் எங்கள் வீட்டை ஒட்டின சாய்ப்பில்தான் இருக்கிறார். நான் கட்டிப் போடவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. தினமும் காலையில் வந்து, தனக்கு ஏதாவது போன் வந்ததா என்று கேட்பார். அது ஒன்றுதான் பேசுவார். பரிசீலனையில் இருக்கிறது என்பேன். தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். கோகிலவாணி ஒரு தெருவிளக்குக் கேட்கிறாள். "ரோடு வந்த மாதிரி ஒரு லைட்டும் வந்தாத் தேவலீங்க, புள்ள இருட்டுக்குப் பயப்படறா" என்றாள். அதற்காக வைத்திருக்கிறேன். கம்பம் நட்டதும் அனுப்பிவிடுவேன்.

யாரும் தேடவில்லை என்று சொன்னேன் அல்லவா? அது அந்த ஆறு பேரைப் பற்றிச் சொன்னது. இவருக்கு ஒரு மகள் இருக்கிறாள், எங்கள் இளமதி வயதுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் குரல் பதிவு அனுப்புவாள், அப்பா எப்போது வருவீர்கள் என்று. பதிலுக்குக் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், மேடம். அதனால் அன்றைக்கே மேடேறிப் போய், அவள் மொழியிலேயே, பணிகள் நடைபெற்று வருகின்றன என்று அனுப்பிவிடுவேன்.