சட்டைப்பைச் சாவி

வேலைக்கு வந்ததும் முதலில் என் மேசையை நானே துடைத்துவிடுவேன் ஐயா. அந்த பிஸ்கட் தொழிற்சாலையில் தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே ஆள் நான்தான்.

யாருக்கு எந்த வேலை என்று பங்கிடுவது என் பொறுப்பு. நான் வருவதற்கு முன் அங்கே நடந்தது கூத்து. பல்பு மாற்றுவதற்கு மேலாளர் கையெழுத்துப் போடுவார். மேற்பார்வையாளர் உட்கார்ந்து அட்டைப்பெட்டி எண்ணுவார். எல்லாரையும் நான்கு படிகளாகப் பிரித்து, படிக்கேற்ற வேலையைக் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் உற்பத்தி ஏறியது. நன்றி சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

தலைமை மெக்கானிக் என் தங்கையின் கணவர். என் சிபாரிசில் உள்ளே வந்தவர். நிறைந்த கூட்டத்தில் என் அட்டவணையைக் காட்டி, "மச்சான் கட்டம் நல்லா போடுவாரு. ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகணும்னு மட்டும் கேட்டுடாதீங்க" என்றார். டீ கொண்டுவந்த அம்மாள்கூடச் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

மாவு பிசையும் இயந்திரத்துக்குள் இறங்குகிறவர், வெளியே யாரும் அதை ஓட்டிவிடாதபடி சுவிட்சைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்வது அங்கே பழக்கம். பூட்டுப் போடுவதற்கு ஒரு தலைமை மெக்கானிக்கா? இனி எல்லாச் சாவியும் என் மேசையில்தான் என்று சுற்றறிக்கை அனுப்பினேன். மேலாளர் வழக்கம்போல் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மேற்பார்வையாளர் தலையாட்டினார், அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். மாப்பிள்ளை மட்டும் ஒரு வாரம் மல்லுக்கட்டினார். உள்ளே போகிறவன் கையில்தான் சாவி இருக்க வேண்டும் என்று ஒரே பாட்டு. வேலை போய்விடும் என்றதும் அடங்கினார்.

செவ்வாய்க்கிழமை பிளேடு மாற்ற இறங்கினார். அவருடைய உதவியாளருக்கு அன்று கிடங்கில் வேலை போட்டிருந்தேன். நான் மேலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"மச்சான், சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான் இருக்கு மாப்ள. நீங்க வேலையைப் பாருங்க."

நான் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள்.

தங்கை என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். விபத்து என்றே நம்புகிறாள். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் நேற்று விசாரணை அறிக்கை வந்தது. சாவுக்குக் காரணம் 'வேலைப் பங்கீட்டில் குளறுபடி' என்று எவனோ எழுதியிருக்கிறான். அதைத் திருத்தத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன் ஐயா. என் பங்கீட்டில் ஒரு பிழையும் கிடையாது. பூட்டைத் திறந்து பட்டனை அழுத்தியது நான். வேண்டுமென்றேதான் அழுத்தினேன்.