அமைதியான குடும்பம்

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மடியில் கஞ்சி ஃபிளாஸ்க்கை வைத்திருந்த இளையவள் திடீரென்று சொன்னாள்.

"நேத்து நியூஸ்ல நான் வந்தேன்கா."

"நீயா? இன்னாத்துக்குடி?"

"பக்கத்து வூட்டு அமுதா மண்டைய அவ புருசன் ஒடச்சிட்டான் இல்ல, அதுக்குத்தான்."

"அய்யய்யோ! ரெண்டு வூட்டுக்கும் ஒரே செவுரு. உனுக்கு ஒண்ணும் கேக்கலியா?"

"கேட்டுச்சிக்கா. முந்தாநாள் சாயந்திரம் நாங்க பாத்துகினு இருந்த ஷோவுலயும் எல்லாரும் கத்திகினு, அழுதுகினு இருந்தாங்க. அவ வூட்லயும் அதான் ஓடுதுன்னு நெனச்சோம். எங்க வூட்டுக்காரரு டிவி சத்தத்த ஏத்தி வெச்சாரு."

"சரி, அப்பறம்?"

"ஷோ முடிஞ்சி வெளம்பரம் வந்துச்சி. பக்கத்து வூட்ல அழுகை மட்டும் நிக்கல."

"அப்பவாவது போய்ப் பாத்தீங்களா?"

"இவரு நியூஸ் சேனலுக்கு மாத்துனாரு."

மூத்தவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள்.

"மறுநாள் டிவிக்காரன் மைக்க நீட்டி, சத்தம் இன்னா மாதிரி கேட்டுச்சின்னான்."

"நீ இன்னா சொன்ன?"

"ரொம்ப அமைதியான குடும்பம் சார், ஒரு நாளும் சத்தமே வந்ததில்லன்னு சொன்னேன்."

"அடிப்பாவி! இப்ப எந்த மூஞ்சிய வெச்சிகினு கஞ்சி எடுத்துகினு அவளப் பாக்கப் போற?"

"நானா போவலக்கா. ஆஸ்பத்திரில படுத்துகினே நான் நியூஸ்ல பேசுனத போன்ல பாத்துட்டாளாம். அதே வார்த்தைய நேர்ல வந்து சொல்லச் சொன்னா."