கல்லில் விட்ட இடம்

எண்பதுகளின் தொடக்கத்தில், மகனை விமானப் படைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு வந்த மறுவாரம், கம்பத்திலிருந்து தேனிக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். சின்னமனூரில் ஓர் அக்காளும் தம்பியும் ஏறி என் முன் இருக்கையில் அமர்ந்தார்கள். இருவருக்கும் தலை நரைத்திருந்தது. இறந்துபோன தாய்க்குக் கல்லறைக் கல் வெட்டச் சொல்லத் தேனிக்குப் போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. தம்பி சொன்ன ஒன்றைக் கேட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நம்ம அண்ணன் சண்டையில சாகலையேக்கா. குண்டு போடுற பிளேனைக் கடலுக்கு அங்கிட்டு இருக்குற பட்டாளத்துக்கிட்டக் கொண்டுபோயி விடத்தான போனாக."

"விடப் போனா மட்டும் என்ன, திரும்பி வந்தாகளா? வெள்ளைக்காரன் சண்டைக்குத்தான போச்சு அந்த உசுரு. அம்மா பேருக்குக் கீழ அவுக பேரையும் வெட்டச் சொல்லு."

"உடம்பு கடல்ல கெடக்கு. இங்கன பேரு மட்டுமா?"

"பேராவது அம்மாகிட்ட இருக்கட்டும்லே."

"அண்ணன் செத்ததை அம்மா எங்க ஒத்துக்கிட்டாக? கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் அவுகளுக்கும் ஒரு சட்டை எடுத்து வச்சாக. வயசாகுதுல்ல, வயிறு வச்சிருப்பான்னு அளவைக் கூட்டிக்கிட்டே போனாக."

"அம்புட்டையும் நீதானலே போட்டுக் கிழிச்ச?"

தம்பி சிரித்தார். தான் அணிந்திருந்த தொளதொளச் சட்டையைத் தொட்டுக் காட்டினார். "இதுதான் கடைசிச் சட்டை."

பேருந்து வீரபாண்டியைத் தாண்டியபோது தம்பி கேட்டார்.

"அண்ணன் பொறந்த வருஷம் தெரியும். எறந்த வருஷமும் போடணும்லக்கா?"

"அம்மா ஒத்துக்காததை நாம எதுக்கு வெட்டணும்? அந்த எடத்தைச் சும்மா விட்டுரச் சொல்லு."

"கல்லு வெட்டுறவர் கேப்பாரே?"

"இன்னும் தகவல் வரலைன்னு சொல்லு."